அத்தியாவசியம் என்று பேர்

தடைக்காலம் முடிய இன்னும் இரண்டு ராத்திரி.
பாம்பன் முழுக்கப் பெயின்ட் வாசம்,
பலகையிடுக்கில் பஞ்சு அடிக்கும் சத்தம்.
என் கடையில் மட்டும் ஒரு கறுப்புத் திரை,
அதில் ஒற்றை வரி:
சி கம்பைலர் எதுவும் தென்படவில்லை.

இன்னாசியின் பழைய ஜிபிஎஸ் பெட்டி மேசைமேல் கிடக்கிறது.
உள்ளே அவர் பதினோரு வருசமாய்க் குறித்த இடங்கள்.
புதுப் போட்டில் வேறு கம்பெனிப் பெட்டி.
பழையது பேசுவது புதுசுக்குப் புரியாது.
நடுவில் நின்று சொல்லிவிட ஒரு சின்னப் புரோகிராம் உண்டு;
பனி பெய்யும் ஊர்க்காரர் யாரோ எழுதி
பதினைந்து வருசமாய்த் தொடாமல் விட்டது.
எழுத்தாகத்தான் கிடைக்கிறது, ஓடுகிற வடிவில் இல்லை.
மாவைக் கொடுத்துவிட்டார், அடுப்பு நம் பாடு.

அடுப்புதான் இல்லை.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப்.
லினக்ஸ் போட்டு விற்ற பரமக்குடிப் பையன்
பாட்டுக்கு வைத்திருந்தான், படத்துக்கு வைத்திருந்தான்,
சீட்டாட்டம் மட்டும் நாலு வகை.
வேண்டிய பொட்டலத்தின் பேர் பில்ட்-எசென்ஷியல்.
அத்தியாவசியமாம்.
அத்தியாவசியத்தை விட்டுவிட்டு
ஒரு பெட்டியை அனுப்ப எப்படி மனசு வரும்?
கேட்கிறேன் பாருங்கள், நான்.

அன்றைய டேட்டா சாயங்காலமே தீர்ந்திருந்தது.
பன்னிரண்டு அடித்தால் புதுக் கணக்கு.
அடித்தது.
சூடோ, ஆப்ட், இன்ஸ்டால்.
ஒருத்தரைக் கூப்பிட்டேன்,
முப்பத்தேழு பேர் வேன் பிடித்து வருகிறோம் என்றார்கள்.
சம்மதமா? சம்மதம்.

பதினெட்டு சதவீதத்தில் போன் அதிர்ந்தது:
இலங்கை உங்களை வரவேற்கிறது.
சில ராத்திரிகளில் இது வழக்கம்தான்.
அக்கரை டவர் எங்கள் ஜன்னல்வரை வந்துவிட்டுப் போகும்.
அதை யாரும் மறிப்பதில்லை,
பேர் ஊர் விசாரிப்பதில்லை.
டவுன்லோடு நின்றது.

போன வருசம் பங்குனியில்
இன்னாசி பெட்டி இல்லாமல் கடலுக்குப் போனார்.
பெட்டி என்னிடம் இருந்தது.
நாளைக்குத் தாரேன்ணே, என்றிருந்தேன், மூன்று நாளாய்.
டிஸ்ப்ளே ரிப்பன் மதுரையிலிருந்து வரவில்லை.
அறுபது ரூபாய்ச் சாமான்.
இருட்டில் எல்லைக்கோடு தண்ணீரிலா எழுதியிருக்கிறது?
ஆள் நாற்பதாம் நாள் திரும்பினார்.
போட்டு அங்கேயே நிற்கிறது, கறையான் இல்லாத ஊரில் உப்பு தின்னட்டும் என்று.
ஒரு தடவைகூட அவர் அதைப் பேசியதில்லை.
புதுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துக் கேட்டது இவ்வளவுதான்:
"என் புள்ளியெல்லாம் இதுல வந்துருமா, ராவியத்து?"
இழுப்பறையில் இப்போது ரிப்பன் மூன்று வைத்திருக்கிறேன்.
ஒருவரும் கேட்டு வரவில்லை.

ரோமிங்கை அணைத்து
போனை மேற்கே, தண்ணீர்த் தொட்டி மறைவில் வைத்தேன்.
விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது, அந்த நன்றி அதற்கு உண்டு.
பாலத்தில் ஏதோ ரயில் மெதுவாகப் போயிற்று.

மூன்று பத்துக்கு மறுபடி கேட்டது:
கம்பைலர் இருக்கிறதா...
இருக்கிறது.
அந்த ஒரு சொல்லுக்கு எழுந்து நின்றுவிட்டேன்.
பிறகு வரி வரியாய் ஓட்டம்,
நடுவே ஓர் எச்சரிக்கை:
பெயர் வைத்துவிட்டுப் பயன்படுத்தாத மாறி ஒன்று உள்ளது.
இருந்துவிட்டுப் போகட்டும்.

நூற்று எழுபத்து நான்கு புள்ளிகள்.
ஆறெழுத்துக்கு மேல் அந்தப் பெட்டி ஏற்காது.
வல்கிழ். சூசக்ல். மூன்பார்.
எனக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்குப் புரிய வேண்டியதும் இல்லை.

விடிந்ததும் வந்து நின்றபடியே வாசித்தார்:
வலை கிழிச்ச இடம். சூசை கல். மூணாம் பார்.
விரல் கீழே போய்க்கொண்டிருந்தது, ஒரு பேரில் நின்றது.
மேலே போய்த் திரும்ப வந்து அதிலேயே நின்றது.
"இது என்னன்னு தெரியலையே."
அழிச்சிரவாண்ணே?
"சே, வேணாம். எதுக்கோதானே குறிச்சிருக்கேன்.
போய்ப் பாப்போம்."