சொற்கணக்கு

படிவத்தில் ஒரு கேள்வி:
குழந்தை எத்தனை சொற்கள் பேசுகிறாள்?
பக்கத்தில் சின்னக் கட்டம்.
இரண்டு இலக்கம் எழுதத்தான் இடம்.

ரோசல்பா பதினொன்று என்கிறாள்.
என் கணக்கில் நான்கு.
நேற்றிரவு சமையலறையில் இதற்காகச் சண்டை,
தூங்குகிறவள் காதில் விழாதபடி
குரலைத் தாழ்த்தி.
அப்புறம் இருவருக்குமே உறைத்தது:
காதில் விழுகிறதா என்பதுதானே
கேள்வியே.

"பா" என்றால் ரொட்டி. பந்து. செருப்பு.
நானும்.
இது ஒரு சொல்லா, நாலா?
நாலில் ஒருவனாக இருப்பதில் வருத்தமில்லை,
ரொட்டிக்குப் பிறகுதான் என்றாலும்.

புந்தா அரேனாசில் காற்று வெறிபிடித்தால்
தெருமுனையில் கயிறு கட்டிவிடுவார்கள்.
ஒரு கையில் கயிறு, மறு கையில் பிரேசியா,
இப்படித்தான் மருத்துவமனைக்குப் போனோம்.
கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று நான் கத்தியது
எனக்கே கேட்கவில்லை.
அவள் என் உதடுகளைப் பார்த்தாள்,
பிடியை இறுக்கினாள்.

சோதனை அறைக் கதவை மூடினார்கள்.
இந்த ஊரில் பிறந்து முப்பத்தாறு வருடத்தில்
காற்றே இல்லாத இடம் அன்றுதான் பார்த்தேன்.
ஒலி வந்த பக்கம் திரும்பினால்
கரடிப் பொம்மை முரசு கொட்டும்.
மூன்று முறை திரும்பினாள்.
நான்காம் முறை
அந்தப் பெண்ணின் தோட்டைப் பிடித்து இழுத்தாள்.

காது நன்றாக இருக்கிறதாம்.
நல்ல செய்தி என்றார்கள். நல்ல செய்திதான்.
அப்படியானால் வேறென்ன என்று கேட்பதற்குள்
அடுத்த பெயரைக் கூப்பிட்டாயிற்று.
நமக்கு இனி மார்ச்சில்.

எஞ்சின் அறை எவரிஸ்தோ
தான் நாலு வயதில்தான் வாய் திறந்தேன் என்கிறார்.
அதற்குப் பிறகு மூடவேயில்லை,
கப்பலில் எல்லோருக்கும் தெரியும்.
ஆறுதலாகத்தான் சொன்னார்.
சிரித்தேன். கயிறு சுருட்டப் போய்விட்டேன்.

இன்று காலை, காலணி மாட்டும்போது, ரோசல்பா
போகிற போக்கில் சொன்னாள்:
சாயங்காலம் நீரிணையில் சங்கு ஊதினால்
இவள் ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கையும் வைத்து
வயிற்றிலிருந்து "ஊம்ம்" என்கிறாளாம்.
பிறகு ஓடிப்போய்
என் செருப்பைக் கதவருகே வைக்கிறாளாம்.
எத்தனை நாளாக?
கோடையிலிருந்து, உனக்குத் தெரியாதா?

துறை நெருங்கும்போது கேப்டனிடம் கேட்டேன்,
இன்னொரு தடவை ஊதலாமா.
விதிப்படி நீளமாக ஒன்றுதான் என்றார்.
மழை வேறு பிடித்துக்கொண்டது.
படிவம் சட்டைப்பையில்,
கட்டம் காலியாக,
ஓரம் நனைந்து.