கை தட்டாதவள்

ஆட்டக் கடிகாரம் என் பொறுப்பு.
எங்கள் ஊர் அணிதான், எங்கள் ஊர் அரங்குதான்.
ஆனாலும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவள்
கை தட்டக் கூடாது.
இரண்டாயிரம் பேர் எழுந்து பெஞ்சை உதைக்கும்போதும்
என் கட்டைவிரல் பொத்தானை விட்டு நகராது.

பகலில் பால் ஆலையில் வேலை.
சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து
கொழுப்பு எத்தனை சதவீதம் என்று எழுதுவேன்.
நாலு மணிக்கே இருட்டிவிடும் ஷிலூபேயில்
பனிக்குள் தெரிவது அரங்கின் விளக்கு மட்டும்,
வெட்டிவைத்த வெண்ணெய்க் கட்டிபோல.

போன வருஷம் கடைசிக்கு முந்தின இடம்.
பேருந்துக்கு டீசல் கடனில் வந்தது.
அக்டோபரில் வந்து இறங்கினான் மார்க்வெல்,
லூசியானாவிலிருந்து, கான்வாஸ் காலணியோடு.
பீட்ரூட் சூப்பைக் கண்டு
'இது ஏன் இந்த நிறம்?' என்றான்.
டிசம்பரில் இரண்டாவது கிண்ணம் கேட்டான்.
அந்த வாரம் தொடர்ந்து ஏழாவது வெற்றி.

பயிற்சியாளர் வைதோத்தஸ் சிரிக்கத் தொடங்கினார்.
அது எங்களைக் கொஞ்சம் பயமுறுத்தியது.
ஸ்கோர் எழுதும் ரிம்காவ்தஸின்
சிவப்புப் பேனா மார்ச்சில் தீர்ந்தது.
இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை என்றார்,
நான் போய்ப் புதியது வாங்கி வந்தேன்.

மே மாதம். ப்ளே-ஆஃப்.
காலிறுதியை மூன்றே ஆட்டத்தில் முடித்தார்கள்.
அரையிறுதி துறைமுகக்காரர்களோடு:
அவர்கள் ஒன்று, நாம் ஒன்று,
அவர்கள் இன்னொன்று, நாம் இன்னொன்று.
ஐந்தாவது ஆட்டம் எங்கள் அரங்கில்.
ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம்.
பந்து நம்முடையது.
மீதி ஒன்று புள்ளி நான்கு நொடி.

அதற்குள் என்ன செய்யலாம்?
ஒரு தும்மல் தும்மலாம்,
முழுசாகத் தும்ம முடியாது என்றார் ரிம்காவ்தஸ் பின்னால்.
பந்து கையில் பட்டதும் நான் அழுத்த வேண்டும்.
கண் ஒரு தரம் இமைக்கும் நேரம்
தாமதித்தால் யாருக்குத் தெரியும்?
எனக்குள் யாரோ கேட்டார்கள்.
என் குரல்தான். வேறு யார்.

பந்து வந்தது.
மூலையில் ஷிகிமாந்தஸின் விரல்நுனியில் பட்டது.
அழுத்திவிட்டேன்.
அவன் திரும்பினான், குதித்தான்,
பலகையைச் சுற்றிச் சிவப்பு எரிந்தபோது
பந்து காற்றில் இருந்தது.
பிறகு வலைக்குள்.
அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

நடுவர்கள் சின்னத் திரைக்கு முன்னால் குனிந்தார்கள்,
மூன்று நிமிடம்.
ஊர் அவனுடைய விரலைப் பார்ப்பதாக நினைத்தது.
அவர்கள் பார்த்தது கடிகாரத்தை,
அதாவது என் விரலை.
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
செல்லும், என்றார் மூத்தவர்.

தோற்ற அணியின் பயிற்சியாளர் போகிற வழியில்
மேசையருகே நின்றார்.
ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.
என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்.

இறுதியில் தலைநகர்க்காரர்கள் எங்களை
நாலு ஆட்டத்தில் அனுப்பிவிட்டார்கள்.
கைக்கு எட்டியது கூடைக்கு எட்டவில்லை.
ஒன்றே ஒன்று ஜெயித்தோம், எங்கள் மண்ணில்,
இருபத்தாறு புள்ளி வித்தியாசத்தில்.
அதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்,
மற்ற மூன்றும் நடக்காதது மாதிரி.

ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம்.
டிராக்டர் இழுத்த தட்டுவண்டியில்
வெள்ளிப் பதக்கங்களோடு வந்தார்கள்.
மார்க்வெல் தொலைபேசியை உயர்த்திப் பிடித்து
அம்மாவுக்குக் கூட்டத்தைக் காட்டினான்:
பார், இவ்வளவு பேர், இன்னும் இருட்டவில்லை.

இனி நான் கை தட்டலாம்.
ஆனால் ரிம்காவ்தஸ் ஒரு கையில் திணித்திருந்தார்
பூண்டு தேய்த்துப் பொரித்த கறுப்பு ரொட்டி.
மிச்சக் கையால்
தொடையில் தட்டினேன், தட்டினேன்,
எந்தக் கையில் ரொட்டி என்பதே மறந்து.
பாவாடையில் எண்ணெய்க் கறை.
இரண்டு தரம் துவைத்தாகிவிட்டது.