இரவு அமைதி

பதினோரு பேருக்கு இரவில் இருவர்.
சலோமிக்குக் காய்ச்சல்.
இன்று நான் மட்டும்.

பாலக்கோடு தக்காளி மண்டியில்
ஏழு வருஷம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தவள்.
எது கொச்சி போய்ச் சேரும்,
எது தொப்பூர் இறங்குமுன் ஒழுகும்,
விரலுக்குத் தெரியும்.
ராயக்கோட்டைக்கு வந்த பிறகும்
அதே விரல்தான்.
குதிகால், இடுப்பெலும்பு, தோள்பட்டை.
சிவந்த இடத்தை அழுத்தினால் வெளுக்க வேண்டும்,
விட்டால் மறுபடி சிவக்க வேண்டும்.
வெளுக்காவிட்டால்
உள்ளே தொடங்கிவிட்டது.
திம்மராயப்பாவின் வலது குதிகால்
இன்று வெளுக்கவில்லை.

கெம்பம்மாவுக்குக் கன்னடம் மட்டும்.
எனக்கு மண்டித் தெலுங்கு கொஞ்சம்,
அது அவளிடம் செல்லாது.
வந்த புதிதில், ஊட்டும்போதெல்லாம்
பேட பேட என்றாள்.
பால்பேடா கேட்கிறாளாக்கும் என்று
சம்பளத்தன்று கால் கிலோ வாங்கி வந்தேன்.
துப்பினாள். பேட!
வேண்டாம் என்று அர்த்தமாம்.
சலோமி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
மீதியை நாங்களே தின்றோம்,
கழிவறை வாசலில் நின்றபடி,
யார் கூப்பிடுகிறார்கள் என்று
ஒரு காதை உள்ளே வைத்துக்கொண்டு.

இரண்டே கால் ரயில் போனது.
சதாசிவம் சார் எழுந்துவிட்டார்.
ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர்.
ஒரு இரவுக்கு இரண்டு டயப்பர்தான் கணக்கு.
மூன்றாவதையும் அவிழ்த்து
சுவர் முழுக்கப் பூசியிருந்தார்.
கையை ஓங்கினேன்.
அடிக்கவில்லை.
ஆனால் ஓங்கினேன்.
அவர் கண்ணை மூடிக்கொண்டு
கன்னத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினார்,
பழகியவர்போல.
எங்கே பழகினார்,
வீட்டிலா, இங்கேயா?
இங்கே என்றால், யார்?

வெந்நீர் கலந்தேன்.
தொடை இடுக்கு, நகக்கண், காதுமடல்.
அவர் என் தோளுக்கு மேலாகச்
சுவரைப் பார்த்துச் சொன்னார்:
"நிழல் சரியா விழல."
சிரிப்பு வந்துவிட்டது.
எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

வீட்டில் என் மகள்
தானே சோறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள்.
இங்கே தினம் ஆறு தலை வாருகிறேன்.
அவள் தலையை வாரி
எத்தனை நாள் என்று எண்ணப் போய்,
நாலாம் நம்பர் கட்டிலில் இருமல் கேட்டு
எண்ணிக்கை விட்டுப்போனது.

ஐந்தரைக்கு ரெஜிஸ்டர்.
என் கட்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம்.
நேற்று சலோமி எழுதியது: இரவு அமைதி.
முந்தாநாள் நான் எழுதியதும் அதுவே.
'திம்மராயப்பா, வலது குதிகால்,
டாக்டர் உடனே பார்க்கணும்'
என்று கட்டம் தாண்டி எழுதினேன்.
வார்டன் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.
சுவரைக் கழுவியதை எழுதவில்லை.
கையைப் பற்றியும் எழுதவில்லை.

மாரண்டஹள்ளி பஸ்ஸில் உட்கார இடமில்லை.
கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து
உள்ளங்கையில்
கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன்.
வெளுத்தது.
அதற்குள் கண்டக்டர்
இலவசச் சீட்டைக் கிழித்து
அந்தக் கையிலேயே வைத்துவிட்டுப் போனார்.