எங்கே இறங்குவீர்கள்

பெங்களூரில் ஏறினால் டெல்லிக்கு மூன்றே மணி நேரம் என்றான் மகன்.
நான் உத்யான் எக்ஸ்பிரஸில்
பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை எடுத்தேன்.
மும்பை வரைக்கும் தண்டவாளம்,
அதற்கப்புறம் ஆகாயம்.
அறுபத்தொன்பது வயதில் ஏன் இப்படி என்று கேட்டால்
சொல்ல ஒன்றுமில்லை.
முழங்கால் மட்டும் எதிர்க்கட்சி.

குண்டக்கல்லில் இருட்டு. வாடியில் டீ.
சோலாப்பூர் வருமுன் மேல் படுக்கைக்காரப் பையன்,
'உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் இடத்தை...'
என்று இழுத்தான்.
இருக்கிறது என்றேன்.
மாநகராட்சி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம்
ஆட்சேபணை இல்லை, ஆட்சேபணை இல்லை என்று
ஊருக்கெல்லாம் தட்டச்சு அடித்துக் கொடுத்த விரல்கள் இவை.
பிறகு வெள்ளரிக்காய் நறுக்கி
அவனுக்கும் நான்கு துண்டு கொடுத்தேன்.

சிவாஜி நகரில் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கிய
மடக்குக் கத்தி. சிவப்புப் பிடி.
எத்தனை ஊர்க் கொய்யாவை அறிந்தது!

கல்யாண் தாண்டுவதற்குள் ஆறு பேர் கேட்டுவிட்டார்கள்,
தனியாகவா?
இல்லை, எழுபத்திரண்டு பேரோடு
என்று ஏழாவது ஆளுக்குப் பதில் தயாராயிற்று.
அவர் கேட்கவில்லை.

தாதர் பாலத்தில் யாரும் நடப்பதில்லை,
கூட்டமே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.
மகளிர் பெட்டிக்குள் நானும் என் பெட்டியும்
விழுந்தோம் என்பதுதான் சரி.
வசவு ஒருத்தி, இழுத்து உட்காரவைத்தவள் ஒருத்தி,
இரண்டும் ஒரே ஆள்தானோ என்னவோ.
உட்கார்ந்த மறு நொடி
தலைக்கு மேலிருந்து ஒரு குரல்:
எங்கே இறங்குவீர்கள்?
என்ன அக்கறை என்று நெகிழ்ந்து, அந்தேரி என்றேன்.
பக்கத்தில் சிரித்தார்கள்.
என் இடம் அவளுக்குப் பதிவாகிவிட்டது.

எதிரே மடியில் செய்தித்தாள் விரித்து
கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
கழுத்து அட்டையில் மந்தா காம்ளே.
கத்திப் பிடியை ரப்பர் பேண்ட் தாங்கியது.
என் கத்தியை விரித்து நீட்டினேன்.
மாஹிம், பாந்த்ரா, கார் ரோடு,
ஒரே அளவில் விழுந்துகொண்டே இருந்தன பச்சைத் துண்டுகள்.
வில்லே பார்லேயில் மடக்கித் திருப்பித் தந்தாள்.
வேண்டாம்; விமானத்தில் இதற்கு இடமில்லை
என்று என் ஓட்டை இந்தியில் சொன்னேன்.
என்ன புரிந்துகொண்டாளோ,
நறுக்கியதில் இரண்டு கைப்பிடி அள்ளி
பாலிதீன் பையில் முடிந்து என் மடியில் போட்டாள்.
மறுக்க நேரமில்லை. அந்தேரி.

விமான நிலைய வாசலில்
சக்கர நாற்காலி வேண்டுமா என்றார் ஒரு சீருடைக்காரர்.
பெட்டிக்கு இருக்கிறது, போதும் என்றேன்.
சோதனையில் பையை நிறுத்திவிட்டார்கள்.
கொத்தவரங்காய் திரையில் எப்படித் தெரிந்ததோ,
காவலர் பெண் முடிச்சை அவிழ்த்தாள்,
முகர்ந்தாள்,
தன் வீட்டு அடுப்பு ஏதோ நினைவு வந்தவள்போல
ஒரு நிமிஷம் நின்று
பழையபடி முடிந்து கொடுத்தாள்.

இருபத்து மூன்றாம் வரிசை, நடு இருக்கை.
எல்லோர் காதிலும் ஏதோ சொருகியிருந்தது.
இத்தனை பேர் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்தும்
யாரும் யாரையும் அந்தக் கேள்வி கேட்கவில்லை.
இங்கே எல்லோருக்கும் ஒரே நிறுத்தம்.
பெல்ட்டைப் போட்டுக்கொண்டு,
மடியில் பச்சை வாசனையோடு,
ஜன்னலோரத்து இளைஞனைத் தொட்டுக் கேட்டேன்,
எங்கே இறங்குவீர்கள்?
காதிலிருந்ததை எடுத்தான்.
டெல்லி என்றான், குழப்பமாக.
ஓடுபாதையில் வேகம் கூடியது.
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
மரியாதைக்குக் கேட்டான்,
நீங்கள்?

பதில் சொல்வதற்குள்
சக்கரம் தரையை விட்டுவிட்டது.