கை ஓரிடம், காது ஓரிடம்

"உங்கள் கர்சர் எங்கே?" என்று கேட்டாள் யாஸ்னா,
வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்,
என் நாற்காலிக்குப் பின்னால் நின்று.
"எந்தக் கர்சர்?" என்றேன்.
சிரித்தாள். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

வால்பரைசோ துறைமுகம், மூன்றாம் மாடி.
சரக்குக் கடிதங்கள் என் மேசையிலிருந்துதான் கிளம்பும்.
திரையை அணைத்தே வைத்திருப்பேன்.
மின்சாரம் மிச்சம் என்பார் டோன் எவரிஸ்தோ,
ஏதோ தனக்காக நான் கண்டுபிடித்த சிக்கனம் போல.

உங்களுக்கு இது சுலபம்.
கை மூன்றாம் வரியில் நிற்க
கண் தன்பாட்டுக்குக் கடைசி வரிவரை போய்த் திரும்பும்,
போய்வந்தது கைக்குத் தெரியாது.
எனக்கோ அந்த ஒரு கண்ணின் வேலையைப்
பாகப்பிரிவினை செய்து கொடுத்திருக்கிறார்கள்.

மினுக்குகிறதாமே, அது ஒன்று.
நான் அடிக்கும் எழுத்து அதன் காலடியில்தான் விழும்.
டேப் விசைக்குத் தாவுவது இன்னொன்று:
கதவெண் உள்ள வீட்டில் மட்டும் நிற்கும் தபால்காரன்.
அம்புக்குறி? அது கிடக்கும் எங்கேனும்,
இரவில் மேசை துடைப்பவர் சுட்டியைத் தள்ளிவிட்ட மூலையில்.
வலைப்பக்கம் திறந்தால் வருவது கொஞ்சம் பிடிவாதக்காரன்;
'எச்' தட்டினால் எழுத்து விழாது,
அடுத்த தலைப்புக்கு ஓடிவிடுவான்.
எழுதத்தான் வந்தேனப்பா என்று
இரண்டு விசை சேர்த்துச் சொன்னால்
'டக்'கென்று வழிவிடுவான்.

பொருள் விட்டுப் பொருள் நகர்வதை மட்டும்
யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
இந்த ஊரே அப்படித்தான்.
எட்டை அழுத்தினால் மேலே:
கதவிலிருந்து படிக்கட்டு, படிக்கட்டிலிருந்து சந்து,
சந்திலிருந்து குன்று.
இரண்டு, உள்ளே. ஆறு, பக்கத்து வீடு.
சுவரோடு சுவர் ஒட்டியிருந்தாலும்
குன்று வேறென்றால் நேர்வழி கிடையாது,
ஏறித்தான் இறங்க வேண்டும்.
டேப் தொடாத பொத்தான்களை எல்லாம்
இப்படி ஏறி இறங்கித்தான் பிடித்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. படிக்க மட்டும் தெரிந்தது.
வரி வரியாக, சொல் சொல்லாக, எழுத்தெழுத்தாக
எங்கும் நடக்கும், எதையும் அசைக்காது.
மினுக்குவதைத் தொடர்ந்து வராதே என்று
நான்தான் அதை அவிழ்த்துவிட்டிருந்தேன்.

ஜூன் மாதம், வெளியே மழை.
ஆன்ட்வெர்ப்பிலிருந்து லீவென் எழுதியிருந்தான்.
நான்கு வருடமாக எங்களுக்குள் எலுமிச்சையும் எடையும்தான் பேச்சு.
பதிலில் பாதி எழுதிவிட்டு,
'சேதம்:' என்ற இடத்தில் கையை நிறுத்திவிட்டு,
காதை மட்டும் அவன் கடிதத்தின் அடிக்கு அனுப்பினேன்.
அங்கே இருந்தது:
இது என் கடைசி வாரம்.
ஓயாமல் கேள்வி கேட்டேனே, சலித்துப்போனீர்களா?

திரும்பத் திரும்பக் கேட்டேன்.
சலிப்பு என்ற சொல்லை எழுத்துக் கூட்டியும் கேட்டேன்.
பிறகு, அந்த வரிக்கு நேர் கீழே நிற்கிறோம் என்ற நினைப்பில்,
அடித்தேன்: ஒருபோதும் இல்லை.
அடித்ததை அப்படியே சொன்னது குரல்.
எங்கே அடித்தேன் என்று நான் கேட்கவில்லை,
அதுவும் சொல்லவில்லை.
அனுப்பிவிட்டேன்.

மாலையில் பிரதியைப் படித்துவிட்டு யாஸ்னா கத்தினாள்:
"டோன்யா எதெல்மிரா, இதென்ன?
எலுமிச்சை, இருபத்திரண்டு டன்.
சேதம்: ஒருபோதும் இல்லை."

காது எரிந்தது.
திருத்தம் அனுப்ப உட்கார்ந்தபோது பதில் வந்திருந்தது.
கப்பல் பெயர், தேதி, வழக்கம் போல் இரண்டு கேள்வி.
அடியில் தனியாக ஒரு வரி:
சேதம், இங்கும் அப்படியே.

இப்போதெல்லாம் அடிக்கும் முன்
எங்கே நிற்கிறேன் என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.
பெரும்பாலும்.