கூடுதல் நிதியின்றிக் கால நீட்டிப்பு

திட்டப் பிரிவில் மூன்றாம் மேசை என்னுடையது.
தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி
யாரோ ஒருவருடைய ஆய்வின் பதினைந்து சதவீத மேற்செலவு.

பணம் இங்கே காவிரி மாதிரி வருகிறது என்று
தஞ்சாவூர்ப் பயிலரங்குகளில் யாராவது சொல்லிவிடுவார்கள்.
டெல்லி மேட்டூராம், நாங்கள் கல்லணையாம்,
ஆய்வு உதவியாளர் கடைமடையாம்.
கைதட்டு விழும்.
ஆற்றுக்கு ஜூன் பன்னிரண்டு என்று
ஒரு தேதியாவது பேச்சில் உண்டு.
பணம் மார்ச் இருபத்தாறு மாலை வரும்.
முப்பத்தொன்றுக்குள் வடிந்திருக்க வேண்டும்.

கோப்பு எண் 117.
தலைஞாயிற்றுப் பக்கம்
கடல் உப்பு எதுவரை ஏறி வருகிறது,
புதுத்தண்ணீர் அதை எந்நாளில் திருப்பி அனுப்புகிறது.
முதன்மை ஆய்வாளர் முனைவர் மங்களநாயகி.
உதவியாளர் பெ. ஜெசிந்தா.
உப்புமானிக்கு மூன்று விலைப்புள்ளிகள்.
இரண்டில் ஒரே கைபேசி எண்.
'ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதியது நான்தான்.
நாள் மார்ச் முப்பது,
மணி இரவு ஏழேகால்.

கருவி வந்து இறங்கியபோது ஆற்றில் மணல்.
நீட்டிப்புக் கேட்டோம்.
பதில் வந்தது:
செப்டம்பர் வரை அனுமதி, கூடுதல் நிதியின்றி.
இந்தத் தொடரை வருடத்துக்கு முப்பது முறை தட்டச்சு செய்கிறேன்.
அன்றுதான் அதன் பொருளை
ஒரு பெண் என் மேசை முன் நின்று கேட்டாள்:
'அப்போ நான் வரணுமா, வேண்டாமா?'
விதியில் அதற்கு வரி இல்லை.
மங்களநாயகி ஜன்னலைப் பார்த்தார்.
அவள் போனாள்.

சவுக்குக் கம்பு இரண்டு, ரூபாய் தொண்ணூறு.
கட்டுக்கயிறு முப்பத்தைந்து.
கருவிக்குள் இருக்கும் சிம் அட்டைக்கு மாதாமாதம் இருநூற்று முப்பத்தொன்பது.
எல்லாம் அவள் கைக்காசு.
ரசீதுகளை ஒட்டித்தான் அனுப்பியிருந்தாள்.
'மானியக் காலத்துக்குப் பிந்தைய செலவு, ஏற்க இயலாது.'
சிவப்பு மை, என் சுருக்கொப்பம்.

ஜூலை எட்டு, கருவியைக் காணவில்லை.
சொத்துப் பதிவேடு பக்கம் 62,
ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரம்.
தள்ளுபடி செய்யக் காவல்துறைப் புகார் வேண்டும்.
யார் மேலம்மா சந்தேகம், என்று கேட்டாராம் எழுத்தர்.
அடப்பாறு மேல, என்றாளாம்.
பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் சொன்னாராம்:
'வந்துருச்சா? எங்க வயலுக்கு இன்னும் வரலியே.'
பிறகுதான் ரசீது எழுதினாராம்.

தணிக்கைக்காரர் அந்த ரசீதை மூன்று முறை படித்தார்.
எதிரியின் பெயர்: நீர்.
சிரிக்கவில்லை.
முத்திரை மங்கலாக இருக்கிறது என்றார்.

இணைப்பு நான்கில்
கருவி கடைசியாக அனுப்பிய எண்கள்.
பத்து நிமிடத்துக்கு ஒரு வரி.
அதிகாலை மூன்று நாற்பது, முப்பத்தொன்று.
மூன்று ஐம்பது, இருபத்துநான்கு.
நான்கு மணி, பதினொன்று.
நான்கு பத்து, மூன்று.
அதன்பின் வெற்றுக் கட்டங்கள்.
எனக்கு உப்பியல் தெரியாது.
ஆனால் வரவுசெலவு பார்த்த கண்ணுக்கு
ஒரு கடன் தீர்ந்துவரும் விதம் தெரியும்.
அந்தப் பக்கத்தை இரண்டாம் தடவை திருப்பினேன்.
யாரும் கேட்காத பக்கம்.

இன்று பயன்பாட்டுச் சான்றிதழ்.
'வழங்கிய தொகை, வழங்கிய நோக்கத்துக்கே
செலவிடப்பட்டது எனச் சான்றளிக்கப்படுகிறது.'
உதவியாளர் ஊதியம், ஏப்ரல் முதல் ஜூலை வரை: இல்லை.
செலவாகாத மீதம் அறுபத்தொரு ரூபாய்.
திருப்பி அனுப்பியாக வேண்டும்.
நூறுக்குக் குறைந்தால் கணினி வாங்க மறுக்கிறது.

கைப்பையைத் திறந்து முப்பத்தொன்பது எடுத்தேன்.
எந்தத் தலைப்பு என்று கேட்டது திரை.
இதர.