இருநூற்று அறுபத்தாறு கிலோ

எண்ணூர் விரைவுச்சாலை, காலை ஐந்தரை.
கன்டெய்னர் லாரிகள் வரிசையிலேயே உறங்குகின்றன.
டெஸ்மண்டுக்கு அறுபத்தேழு, எனக்கு இரண்டு குறைவு.
அவன் முழங்காலில் டைட்டானியம்,
என் டேங்க் பையில்
பி.பி. மாத்திரையும் வறுத்த வேர்க்கடலையும்.

ஆயிரம் சிசி.
மூன்றாவது கியர் தாண்டுவதற்குள்
திருவொற்றியூர் தீர்ந்துவிடுகிறது.
ஆறாவது கியர்
பொன்னேரிக்கு அப்பால் மட்டும் உயிர்வாழும் பிராணி.
உப்புக்காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து
காதுக் கருவியில் விசிலடிக்கிறது.
சிக்னலில் கழற்றிப் பையில் போடுகிறேன்.
என்ஜினைக் கேட்கக் காது எதற்கு,
தொடை போதும்.

"இந்த வயசுல இது எதுக்குப்பா" என்ற மகள்தான்
இன்சூரன்ஸும் கட்டினாள்.

எர்ணாவூர் திருப்பம்.
வேகத்தில் அல்ல, நின்றபடி,
சிந்திக் கிடந்த கரித்தூளில் கால் வழுக்கி
சாய்த்துவிட்டேன்.
இருநூற்று அறுபத்தாறு கிலோ.
அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
கல்யாணப் பந்தி அண்டாவைத் தூக்குவதுபோல் குனிந்தோம்.
சிரிப்பு வந்து பிடி நழுவியது.

ஷேர் ஆட்டோவிலிருந்து மீன்கூடையோடு இறங்கிய
இரண்டு பெண்கள்
புடவையை இழுத்துச் செருகினார்கள்.
ஒரே மூச்சு.
நிமிர்ந்தது.

இளையவள் டேங்கைத் தட்டினாள்:
"மைலேஜ் எவ்ளோ நைனா குடுக்கும்?"
"பதினாறு."
"அய்யே!"
கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே சொன்னாள்:
"எங்கூட்டு எக்ஸ்எல் அறுபது குடுக்குது."

நியாயந்தான் என்றான் டெஸ்மண்ட்.
பெட்ரோல் அளவைப் பார்க்காமல்
முதல் கியரை அழுத்தினேன்.